ஒன்பதாம் காம்பராவின் கூரை ஒழுகவில்லை

கருங்கல்லுத் தோட்டத்தில் சோலைமலை என்றொரு கவ்வாத்துக்காரன் இருந்தான். தேயிலைச் செடியைக் கத்தியால் கழித்துவிடுகிற வேலை. ஆள் வாயில்லாப் பூச்சி. நாலு பேர் கூடிய இடத்தில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு அப்பால் போய்த் தும்முகிறவன். அப்படிப்பட்டவனை, ஓயாத சத்தம் போட்டு அயலாருக்குத் தொல்லை கொடுக்கிறான் என்று குற்றம் சாட்டி, ஏழு நாளில் அவன் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவைக் காலி செய்யும்படி தோட்டத்து ஆபீஸ் உத்தரவு போட்டது. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதாம் வருஷம், ஆனி மாதம். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்தில் ஆனி மாதம் என்றால் எப்படிப்பட்ட மழை என்று அறிந்தவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை.

சத்தம் வந்தது உண்மைதான். ஒன்பதாம் காம்பராவின் கூரைத் தகரத்தில் பதினோரு ஓட்டைகள். ஓட்டைக்கு ஒன்றாகச் சோலைமலை பதினோரு டின் வைத்திருந்தான். பால் டின், பிஸ்கட் டின், நசுங்கிய மண்ணெண்ணெய் டின் ஒன்று. மழை பிடித்தால் பதினொன்றும் சேர்ந்து பேசத் தொடங்கும். லயம் என்பது பத்துக் காம்பராவை ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டினது; அதில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. முதல் காம்பராவில் கருவாடு பொரித்தால் பத்தாம் காம்பராக்காரன் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரலாம். ஆகவே டின் சத்தமும் பத்துக் காம்பராவுக்கும் பொதுவாக இருந்தது. அதை அங்கே யாரும் தொல்லையாக நினைக்கவில்லை. அவரவர் காம்பராவிலும் அவரவர் டின்கள் இருந்தன.

ஆனால் மற்றவர்கள் டின்னை வைத்தார்கள், விட்டார்கள். சோலைமலை மட்டும் ஆபீசுக்குப் போய்ச் சொன்னான். அவன் பெண்சாதி மீனம்மாவுக்கு அது தலைப்பிரசவம், எட்டாம் மாதம். பிறக்கப்போகிற பிள்ளையைக் கிடத்த காம்பராவில் ஒரு முழம் காய்ந்த இடம் வேண்டும் என்பதுதான் அவனுடைய கவலை. வேறு ஆசை எதுவும் அவனுக்கு இருந்ததில்லை.

ஆபீசில் பெரிய கிளாக்கர் பேரின்பநாயகம் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எந்த விஷயத்தையும் கண்ணால் பார்த்து முடிவு செய்வது படியாதவர்கள் செய்யும் வேலை என்பது அவருடைய கொள்கை. நாலு ஞாயிற்றுக்கிழமை நடந்து சோலைமலை அதே சங்கதியைச் சொன்னான். நாலாவது தடவை கிளாக்கர் ஒரு பெரிய புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"இஞ்ச பார். ஐம்பத்தேழாம் ஆண்டிலை ஒன்பதாம் காம்பராக் கூரை மாத்தினது எண்டு எழுதிக் கிடக்கு. கீழை பெரிய துரையின்ரை கையெழுத்து. மாத்தின கூரை ஒழுகாது."

"ஒழுகுதுங்கய்யா. வந்து பாத்தீங்கன்னா தெரியுங்க."

"நான் ஏன் வந்து பாக்கவேணும்? புத்தகத்தைப் பாத்திட்டன். இந்தப் புத்தகத்திலை ஒரு சொல்லு வெட்டித் திருத்த ஏலாது, தெரியுமோ? அதுதான் ஆபீஸ். உன்ரை கூரையிலை ஓட்டை இருக்கலாம், என்ரை புத்தகத்திலை இல்லை."

இந்த நேரத்தில்தான் லயத்துக்குப் பின்னால் மேட்டில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குக் கண்டாக்கர் துரைராசா குடிவந்தார். மலையில் வேலை வாங்குகிற உத்தியோகஸ்தர் அவர். அவருடைய சம்சாரம் சிவனேஸ்வரி அம்மாளுக்குத் தலையிடி. கீழே லயத்திலிருந்து வருகிற தகரச் சத்தத்தால் கண் மூட முடியவில்லை என்று கண்டாக்கர் எழுதிக் கொடுத்தார். கிளாக்கருக்குக் கணக்கு ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. டின் வைத்திருப்பதாக ஆபீசில் வந்து சொன்னது ஒன்பதாம் காம்பராக்காரன் ஒருவன்தான். கூரை ஒழுகாது, ஆனால் சத்தம் வருகிறது. அப்படியானால் டின்னை யாரோ அடிக்கிறார்கள். அந்தக் காம்பராவில் இருப்பது சோலைமலையும் ஒரு பிள்ளைத்தாச்சியும். பிள்ளைத்தாச்சி டின் அடிக்க மாட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணக்கப்பிள்ளை பொன்னையா ஒரு நீளக் காகிதமும் மைப்பெட்டியுமாக லயத்துக்கு வந்தார்.

"எல்லாரும் வந்து ஒரு கை வைங்க. லயத்து நல்லதுக்குத்தான்."

"என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டாள் பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மா.

"எழுதியிருக்கிறது இங்கிலீசு. அது ஒனக்கு எதுக்கு? நீ வைக்கப்போறது கைதானே?"

அந்தத் தோட்டத்தில் காகிதத்தைக் கண்டால் இடது கைப் பெருவிரல் தானாக நீளும். பேர் பதிய, அரிசி வாங்க, கம்பளி வாங்க என்று பிறந்த நாள் முதல் பழகிய விரல். இருபத்திரண்டு பேர் வரிசையாக வைத்தார்கள். சோலைமலைக்கு ஒரே சந்தோஷம். நாலு ஞாயிறு நடந்தது வீண்போகவில்லை, கூரைக்காகத்தான் லயமே சேர்ந்து எழுதுகிறது என்று நினைத்துக்கொண்டான். கடைசி ஆளாகப் போய், ஆபீசுக்குத் தெளிவாகத் தெரியவேண்டுமென்று விரலை நன்றாக அழுத்தி வைத்தான்.

புதன்கிழமை கதவில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. சோலைமலை அது நனையாமல் இருக்க ஒரு சாக்குத் துண்டை மேலே தொங்கவிட்டு, மீனம்மாவிடம் போய், "கூரைக்கு உத்தரவு வந்திருச்சு புள்ள" என்றான். லயத்தில் நாலு இங்கிலீஸ் எழுத்துத் தெரிந்தவர் சங்கத்துத் தலைவர் சின்னராசா ஒருவர்தான். அவர் வந்து விரலை வைத்து வைத்து வாசித்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது.

"சோல, இது கூரைக்கு இல்லடா. ஒன்னையக் காலி பண்ணச் சொல்லுது. லயத்து ஆளுக இருவத்திமூணு பேரு ஒம்மேல பெட்டிசம் குடுத்திருக்காங்களாம்."

"யாருங்க தலைவரே குடுத்தது?"

சின்னராசா, அன்று வாசிக்காமலே வைத்த தன் பெருவிரலைத் திருப்பிப் பார்த்தார். "நான்கூட இதுக்குத்தான் கை வச்சிருக்கேன் போல" என்றார்.

காம்பரா போனால் பேரை வெட்டுவார்கள். பேரை வெட்டினால் கையில் பத்துச்சீட்டு, வேலையிலிருந்து நீக்கியதற்கான சீட்டு. ஆபீஸ் விரட்டின ஆள் என்று அதில் தெரிந்த பிறகு எந்தத் தோட்டமும் ஏறெடுத்துப் பார்க்காது. பிரஜாவுரிமை பறிபோய், பன்னிரண்டு வருஷமாக எந்த நாட்டுக் கணக்கிலும் சேராத ஜனம். அவர்களுக்கு அந்தப் பத்தடிக் காம்பராதான் நாடு. அதிலிருந்து நிறைமாதக்காரியை மழையில் இறக்கி எங்கே கூட்டிப்போவது? மீனம்மா பதினோரு டின்னையும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

உத்தரவு போட்ட பிறகு விசாரிப்பது ஆபீஸ் வழக்கம்; சனிக்கிழமை காலை விசாரணை. தோட்டத்து மேனேஜரான பெரிய துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கிளாக்கரும் கண்டாக்கரும் இரண்டு பக்கம். சோலைமலை வழக்கப்படி ஆபீஸ் சன்னலுக்கு வெளியே, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் நின்றான். விசாரணையில் பேசப்படுகிற ஒவ்வொரு சொல்லும் குறிப்புப் புத்தகத்தில் ஏறவேண்டும் என்பது சட்டம். எழுதுகிறவர் கண்டாக்கர். குற்றம் சாட்டினவரே குறிப்பும் எழுதினால் எதுவும் விட்டுப்போகாது என்பது கிளாக்கரின் ஏற்பாடு.

துரை தமிழில் கெட்டிக்காரர் என்று தோட்டம் முழுக்கப் பேர். அந்தப் பேரை வைத்தது அவர்தான்.

"சோலமலே! நீ ஏன் ராவுலே டின் அடிக்கிறான்?"

"நான் அடிக்கலீங்க தொரைங்க. மழைங்க."

"மழே பேர் செக்ரோலிலே இருக்கு?" என்று, ஆட்பேர் பதிகிற அந்தப் புத்தகத்தைக் காட்டித் துரை கிளாக்கரைக் கேட்டார்.

"இல்லை சேர். ஒன்பதாம் காம்பராவிலை சோலைமலை, மீனம்மா ரெண்டு பேர்தான்."

அதற்கு மேல் மழையைப் பற்றி விசாரிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று. கிளாக்கர் பெட்டிசத்தைப் பிரித்து வாசித்தார். அயலாரின் நிம்மதி, தோட்டத்தின் ஒழுங்கு என்று என்னென்னவோ வந்தது. கடைசியில் கைநாட்டுகளை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக்கொண்டு போனார். இருபத்திரண்டு முடிந்தது.

"இருபத்திமூண்டாவது, சோலைமலை."

கண்டாக்கர் பேனாவை நிறுத்திவிட்டார். தன்மேல் தானே பெட்டிசம் கொடுத்ததைக் கேட்டுச் சோலைமலை சன்னலுக்கு இன்னும் கிட்ட வந்தான். பிழை எங்கோ நடந்துவிட்டது, இனி விட்டுவிடுவார்கள் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தான்.

பேரின்பநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சேர், முப்பது வருஷ சேவையிலை இப்பிடி ஒரு கேஸ் நான் கண்டதில்லை. மற்றவைக்கு எவ்வளவு கஷ்டம் எண்டதை விடுங்கோ. குற்றவாளிக்கே தன்ரை தொல்லையைத் தாங்க ஏலாமல் போயிருக்கு. இதுக்கு மேலை சாட்சி வேணுமோ?"

துரை தலையை ஆட்டினார். இருந்தாலும் நீதி நியாயம் பார்க்கிற மனுஷர் ஆகையால், டின்களைக் கொண்டுவந்து சத்தத்தை ருசுப்படுத்தச் சொன்னார். பதினோரு டின்னும் வந்தன. கிளாக்கர் ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டி இலக்கம் போட்டார். சத்தத்தை அடையாளம் காட்டச் சிவனேஸ்வரி அம்மாள் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சோலைமலையை முதல் தடவையாக ஆபீசுக்கு உள்ளே கூப்பிட்டு, கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள்.

"அடி" என்றார் கிளாக்கர்.

மறுத்தால் அது ஒரு குற்றம். அடித்தால் அடிக்கத் தெரிந்தவன் என்று எழுதுவார்கள். சோலைமலை மூன்றாம் இலக்க டின்னில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினான். அம்மாள் கண்ணை மூடிக் கேட்டார்.

"இது இல்லை. இவன் அடிக்கேக்க ஒரு ஒழுங்கு இருக்கும். முதல்லை மெல்லமா வந்து, பிறகு எல்லா டின்னிலையும் ஒண்டா விழும். கெட்டிக்காரன்தான். இப்ப வேணுமெண்டு பிழையா அடிக்கிறான்."

'வேண்டுமென்றே பிழையாக அடித்தான்' என்று கண்டாக்கர் எழுதினார். அது இரண்டாவது குற்றமாயிற்று.

அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஆனால் துரைக்கு என்ன தோன்றிற்றோ, "மழே நேரம் காம்பரா போய்ப் பாக்கணும்" என்றுவிட்டார். கிளாக்கர் முகம் கறுத்தது. முப்பது வருஷத்தில் அவர் எந்தக் காம்பராவுக்குள்ளும் கால் வைத்ததில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பேய் மழை. இரண்டு பேர் நாற்காலியைச் சுமந்து வர, துரை, கிளாக்கர், கண்டாக்கர் மூவரும் ஒன்பதாம் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்தார்கள். டின்கள் ஆபீசில் இருந்தபடியால் தரையெல்லாம் தண்ணீர். மீனம்மா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மூலையில் நின்றாள். உட்கார அவளுக்கு இடமில்லை. லயமே வாசலில் நின்று மூச்சுவிடாமல் பார்த்தது. துரை உட்கார்ந்த மறுகணம் அவருடைய தொப்பியில் டொக்கென்று ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. கிளாக்கர் குடையை விரித்துத் துரையின் தலைக்கு மேல் பிடித்தார். கண்டாக்கர் தன் குடையை விரித்து, குறிப்புப் புத்தகத்துக்குப் பிடித்தார்.

"கிளாக்கர், இது ஒழுகுறான்?"

கிளாக்கர் பெரிய புத்தகத்தைத் திறந்து துரையின் முன்னால் நீட்டினார். "சேர், ஒழுகுது எண்டால் ஐம்பத்தேழிலை கூரை மாத்தேல்லை. மாத்தேல்லை எண்டால் இந்தக் கையெழுத்து..." என்று அவர் வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினார்.

துரை தன் கையெழுத்தைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். அந்த நேரம் சோலைமலை கும்பிட்டபடி நின்றான். ஒரு சொல், 'ஆமாம்' என்று ஒரே ஒரு சொல் அந்த வாயிலிருந்து வந்துவிட்டால் போதும் என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. துரையின் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"என் கையெழுத்துப் பொய் சொல்ல மாட்டான்" என்றார் துரை. "கூரே நல்லா இருக்கு."

பிறகு தீர்ப்பு வந்தது. நிறைமாதக்காரி நிற்பதைப் பார்த்துத் துரைக்கு இரக்கம் பிறந்துவிட்டதாம். கூரை ஒழுகவில்லை என்று சோலைமலை கைநாட்டு வைத்தால், மூன்று மாதம் காம்பராவில் இருக்கலாம். பைல் மூடப்படாது. மறுபடி சத்தம் கேட்டால் அன்றைக்கே வெளியே. டின்கள் ஆபீசில் பறிமுதல்.

கணக்கப்பிள்ளை மைப்பெட்டியை நீட்டினார். சோலைமலையின் விரல் முதல் தடவையாகத் தயங்கிற்று. முதுகில் சொட்டிக்கொண்டிருக்கும்போது, சொட்டவில்லை என்று எப்படி வைப்பது? அவன் மீனம்மாவைப் பார்த்தான்.

"வைங்க" என்றாள் அவள். "காம்பரா இருக்கட்டும். ஒழுகுறதுக்கு நம்ம கைநாட்டு வேணாம், அதுபாட்டுக்கு ஒழுகும்."

வைத்தான். ஆனால் ஈர விரலில் மை பிடிக்கவில்லை, ஈரக் காகிதத்தில் ரேகை விழவில்லை. கடைசியில் கண்டாக்கர் குடைபிடிக்க, பேரின்பநாயகமே தன் கைலேஞ்சியால் அந்த விரலைத் துடைத்துக் காகிதத்தில் அழுத்தினார். ஒரு கிளாக்கர் ஒரு தொழிலாளியின் கையைத் தொட்டது அந்தத் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை.

அதற்கு எட்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு மீனம்மாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பேச்சியம்மாதான் கூட இருந்தாள். டின் இல்லாதபடியால் ஒவ்வொரு ஓட்டைக்குக் கீழேயும் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். சொட்டுச் சாக்கில் விழுந்தால் சத்தம் இல்லை. காம்பரா ஊறிப்போயிற்று, ஆனால் ஒழுங்காக ஊறிற்று. மழையையே அடக்கிவிட்டார்கள். பிள்ளையை அடக்கத்தான் வழியில்லை. ஈரத்தில் அது விறைத்து அழுதது.

பேர் பதியச் சோலைமலை ஆபீசுக்குப் போனான்.

"பதிய ஏலாது" என்றார் கிளாக்கர். "ஒன்பதாம் காம்பரா விசாரணையிலை இருக்கு. பைல் மூடினால்தான் அந்தக் காம்பராவிலை புது ஆளைச் சேர்க்கலாம்."

"புள்ள பொறந்திருச்சுங்களே ஐயா."

"அவசரப்பட்டிட்டுது. நான் என்ன செய்ய?"

இருபது நாள் கழிந்தது. இருபத்தோராம் நாள் கதவில் அடுத்த காகிதம். இந்தத் தடவை சோலைமலை அதற்குச் சாக்குப் போடவில்லை. சின்னராசா வாசித்தார். வாசித்ததை அவரே நம்பாமல் இரண்டாம் தடவையும் வாசித்தார். ஒன்பதாம் காம்பராச் சோலைமலை, குழந்தையைப் போல அழுது, கண்டாக்கர் வீட்டாரின் நித்திரையைக் கெடுத்தான் என்று குற்றம்.

விசாரணைக்கு மீனம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சன்னலுக்கு வெளியே நின்றாள். பிள்ளை வீறிட்டது. அந்த அழுகைக்கு மேலாகக் கேட்கும்படி கிளாக்கர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"சேர், செக்ரோலின்படி அந்தக் காம்பராவிலை பிள்ளை இல்லை! பிள்ளை இல்லாத காம்பராவிலை பிள்ளை அழாது! ஆனால் அழுற சத்தம் கேக்குது! அப்ப அழுறது ஆர்?"

"சோலமலே" என்றார் துரை, காதைப் பொத்திக்கொண்டு.

காகிதம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அழுதது நான்தான் என்று ஒப்புக்கொள்ளும் காகிதம். அதில் கை வைத்தால் அன்றைக்கே வெளியே. பொன்னையா சன்னல் வழியாக மைப்பெட்டியை நீட்டினார். காகிதத்தைக் கண்டதும் சோலைமலையின் இடது கை பழக்கத்தில் எழும்பிற்று. ஆனால் பெருவிரல் வரவில்லை. அதைப் பிள்ளை தன் முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விரலைக் கொண்டா" என்றார் கிளாக்கர்.

"வர மாட்டேங்குதுங்கய்யா. புடிச்சிருக்கு."

"ஆர் பிடிச்சிருக்கிறது?"

பிள்ளை இல்லை என்று இப்போதுதான் சொல்லியிருக்கிறார்கள். 'இருக்கிறது' என்று சோலைமலை எப்படிச் சொல்வான்? விரலை உருவவும் அவனுக்கு மனம் வரவில்லை. துரை நேரத்தைப் பார்த்தார். கண்டாக்கர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார். கைநாட்டு விழவில்லை என்றால் காரணம் எழுதவேண்டும். காரணமோ ஆபீஸ் கணக்கில் இல்லை. பிள்ளை இன்னும் உரத்துக் கத்திற்று. பேரின்பநாயகத்தின் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏய் மீனம்மா! அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அங்காலை போ!"

கண்டாக்கரின் பேனா அதையும் எழுதிவிட்டது. பேசின ஒவ்வொரு சொல்லும் ஏறவேண்டும் அல்லவா? துரை எட்டிப் பார்த்தார்.

"கிளாக்கர். என்னா பிள்ளே?"

கிளாக்கர் பேயறைந்தவர் மாதிரி குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். அவருடைய வாயால் சொன்ன சொல், கண்டாக்கர் கையால் எழுதின எழுத்து, துரை கண்ணால் பார்த்தாயிற்று. வெட்டவும் முடியாது, திருத்தவும் முடியாது. அவர் செக்ரோலை எடுத்து, ஒன்பதாம் காம்பராவுக்கு நேரே பிள்ளைக்கென்று ஒரு வரியைச் சேர்த்தார். குற்றம் தள்ளுபடியாயிற்று. பைல் மூடப்பட்டது. காம்பரா சோலைமலைக்கு நின்றது.

பிள்ளைக்கு வடிவு என்று பேர் வைத்தார்கள். பிறந்த தேதியாக ஆபீஸ் எழுதினது அந்த விசாரணைத் தேதியை. அதற்கு முன்னால் அவள் பிறந்ததற்குப் புத்தகத்தில் ஆதாரம் இல்லையாம். அன்று பின்னேரமும் மழை பிடித்தது. சோலைமலை இருந்த சாக்குகளையெல்லாம் பிழிந்து, பிள்ளைக்குக் கீழே நாலாக மடித்துப் போட்டான். ஐந்து நிமிஷத்தில் அதுவும் நனைந்தது. ஆனால் கூரை ஒழுகவில்லை. அதற்கு அவனே கைநாட்டு வைத்திருக்கிறான்.